இடாப்பிலிருந்து விழுந்த ஒரு பெயர்

2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்து மூதூர்த் தொகுதியில் ஒரு கிராமப் பாடசாலையின் ஐந்தாம் வகுப்பறைதான் எங்கள் வாக்களிப்பு நிலையம். நான் அங்கே சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலர். ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் தேர்தல் வந்தால் எனக்குக் கடமைக் கடிதமும் வந்துவிடும்.

காலை பத்து மணி அளவில் அறுபத்தைந்து வயதைக் கடந்த ஓர் அம்மா வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த தேசிய அடையாள அட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தார். வாக்காளர் பட்டியலான இடாப்பைப் பார்த்துப் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசிக்க வேண்டிய அலுவலர் ஒரு பக்கம் புரட்டினார், திரும்பவும் புரட்டினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய் அந்த வீதி, அடுத்த வீதி, கணவர் பெயர், மகன் பெயர் என்று எல்லா வழியிலும் தேடினேன். இல்லை.

“அம்மா, உங்கள் பெயர் இடாப்பில் இல்லை.”

“நான்தானே வந்திருக்கிறேன் தம்பி. அட்டையில் இருப்பதும் நான்தானே.”

மூலையில் வாங்கில் இருந்த முகவர்கள் இருவரும் அதே ஊர்ப் பையன்கள். எதிரெதிர் வேட்பாளர்களுக்காக வந்தவர்கள், காலையிலிருந்து ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். இந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “இவரை எங்களுக்குத் தெரியும் சேர். நாங்கள் ஆட்சேபிக்க மாட்டோம். கொடுங்கள்.”

நான் கொடுக்கவில்லை. பெயர் இல்லாதவருக்கு வாக்குச்சீட்டு கொடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. ஊரே சாட்சி சொன்னாலும் இல்லை. அது கொடுமையான விதி என்று அந்த நேரம் நினைத்தேன். ஆனால் ஒரு பெயரை இரக்கத்துக்காகச் சேர்க்க எனக்கு அதிகாரம் இருந்தால், நூறு பெயரைப் பயத்துக்காகச் சேர்க்கும் அதிகாரமும் என் மேசைக்கு வந்துவிடும். துப்பாக்கியோடு யாராவது வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிய அதே விதிதான் அந்த நிலையத்தில் வாக்களித்த மற்ற எல்லாருடைய வாக்கையும் காத்தது. இரண்டும் உண்மை. அன்றிலிருந்து இன்றுவரை இரண்டையும் சேர்த்தே சுமக்கிறேன்.

அவர் கோபப்படவில்லை. அட்டையைத் திரும்பவும் முடிந்துகொண்டு, “கிளிவெட்டியில் கொட்டிலுக்குள் கிடந்த காலத்தில்கூட நான் வாக்குப் போட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் சம்பூர்ப் பக்கத்தவர். 2006 சண்டையில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுகளைக் கழித்து, காணிகள் விடுவிக்கப்பட்ட பிறகு ஊர் திரும்பியவர். அகதியாக இருந்தபோது இருந்த பெயர், சொந்தக் காணிக்கு வந்த பிறகு இல்லாமல் போயிருந்தது. நானோ தேர்தல் கடமைக்காரன் என்பதால் தபால் மூலம் முன்கூட்டியே வாக்களித்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் இருந்தவன்.

இந்தியாவின் 2024 மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாட்களில் எங்கள் தெருவில் ஒரு விவாதம் சூடாக ஓடியது. தொண்ணூறு கோடிக்கு மேல் வாக்காளர்கள் உள்ள நாட்டில் நேர்மையான தேர்தல் நடக்க முடியுமா? பெரும்பாலானோர் முடியாது என்றார்கள். நாடு பெரிதானால் களவும் பெரிதாகும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். அவருக்கு நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கிடைக்கும் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியில் என்ன நடக்கிறது

முதலில் பெட்டி. காலை ஏழு மணிக்கு முன் நான் செய்த முதல் வேலை, வெறும் பெட்டியைக் கவிழ்த்து முகவர்களுக்குக் காட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை என்று அவர்கள் கை விட்டுப் பார்த்தார்கள். பூட்டி முத்திரை வைத்தேன். அந்தத் தேர்தலில் 35 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டின் நீளம் 26 அங்குலம். முதியவர்கள் அதை வேட்டி மடிப்பதுபோல் மடித்துக்கொண்டு வந்தார்கள். பெட்டியின் வாயில் சீட்டு அடைத்துக்கொள்ளும். அடிமட்டத்தை விட்டு அமுக்குவோம், அமுக்கும்போதும் முகவர்களைப் பார்க்கச் சொல்வோம். மாலை ஐந்து மணிக்கு வாசலை மூடி, எத்தனை சீட்டு வந்தது, எத்தனை கொடுத்தோம், எத்தனை பழுதானது, எத்தனை மிச்சம் என்று கணக்கு எழுதி, எல்லாருக்கும் முன்னால் முத்திரை வைத்தோம். பொலிஸாரோடு பஸ்ஸில் ஏறிக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலை நகரத்துக்குப் போய்ப் பெட்டியை ஒப்படைக்கும்வரை என் கண் அதைவிட்டு விலகவில்லை.

இதையே இந்தியாவில் எத்தனை பேர் செய்கிறார்கள்? 2024இல் அங்கே பதிவான வாக்காளர்கள் சுமார் 96.8 கோடி, வாக்குச்சாவடிகள் சுமார் பத்தரை இலட்சம். வகுத்துப் பாருங்கள், ஒரு சாவடிக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. இந்தோனேசியாவில் 2024 பெப்ரவரி 14 அன்று ஒரே நாளில் 20 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களுக்காக எட்டு இலட்சத்துக்கும் அதிகமான சாவடிகள் திறந்தன. அங்கே ஒரு சாவடிக்கு முந்நூறு பேருக்குள்தான். என் ஐந்தாம் வகுப்பறையைவிடச் சின்னது. வாக்காளர் ஒருவர் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது எப்போதும் ஒரு சின்ன அறையும், ஒரு மேசையும், ஒரு பெட்டியும், அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர் சிலரும்தான். நாடு எவ்வளவு பெருத்தாலும் அந்த அறை பெருப்பதில்லை. ஆகவே பெரிய நாட்டில் வாக்கை நேர்மையாக வாங்கவும் எண்ணவும் முடியாது என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

முக்கியமானது ஒன்றுதான். அந்த அறையில் உள்ள சாதாரண மனிதருக்கு நடப்பது கண்ணால் பார்த்துப் புரிய வேண்டும். இந்தோனேசியாவில் சாவடியிலேயே எண்ணுகிறார்கள். ஒவ்வொரு சீட்டையும் விரித்துத் தூக்கிக் காட்டி, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் கோடு போட்டுக் கூட்டுகிறார்கள். பிரேசிலில் 1996 முதல் வாக்கு இயந்திரம். காலையில் பெட்டி வெறுமையாக இருப்பதைக் காட்டும் சீட்டு ஒன்று அச்சாகும். மாலையில் அந்த இயந்திரத்தில் விழுந்த வாக்குகளின் கூட்டுத்தொகை அச்சாகி நிலையத்தின் வாசலில் ஒட்டப்படும். மேலிடத்தில் அறிவிக்கும் தொகையோடு அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில், அந்நாடு பயன்படுத்திய வாக்குக் கணினிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தது. விசேட தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் தேர்தலின் முக்கியமான படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதே அதன் நியாயம். களவு நடந்ததா என்ற கேள்விக்கே அது போகவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். என் நிலையத்து வாங்கில் இருந்த இரண்டு பையன்களையும் மனத்தில் வைத்து எழுதியதுபோல் இருக்கும்.

இந்தியாவில் இயந்திரத்தோடு சேர்ந்து ஒரு காகிதச் சீட்டும் அச்சாகி, வாக்காளர் கண்ணில் சில வினாடிகள் பட்டு உள்ளே விழுகிறது. ஆனால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளைத்தான் எண்ணிச் சரிபார்க்கிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஏற்கவில்லை. எண்ணியிருக்கலாம் என்பது என் கருத்து. நேரம் போகும்தான். ஏழு கட்டமாக ஆறு வாரம் வாக்களிக்கப் பொறுத்திருந்த நாடு, எண்ணுவதற்கு இன்னும் இரண்டு நாள் பொறுக்காதா?

ஆனால் சாவடியிலேயே எண்ணி வாசலில் ஒட்டுவது எல்லா ஊருக்கும் பொருந்துமா என்றால், திருகோணமலைக்காரனாக நான் தயங்குவேன். மூதூர்ப் பகுதியில் ஒரு கிராமம் தமிழ்க் கிராமம், அடுத்தது முஸ்லிம் கிராமம், அதற்கப்பால் சிங்களக் கிராமம். ஒரு நிலையத்தின் முடிவை வெளியிட்டால் ஒரு சமூகம் யாருக்கு வாக்களித்தது என்று பெயர் எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிடும். தோற்ற கட்சியின் ஆள் மறுநாள் அந்த ஊருக்குள் என்ன மனநிலையில் வருவான் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்களில் பல நிலையங்களின் பெட்டிகளை ஓரிடத்தில் எண்ணித் தொகுதி வாரியாக மட்டும் முடிவு சொல்வதில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. இந்தியாவிலும் இதே கவலை உண்டு. காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணினார்கள். இயந்திரம் வந்த பிறகு சாவடி வாரியான கணக்கு வெளியே தெரிகிறது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் கருவி ஒன்றை அங்குள்ள தேர்தல் ஆணையம் முன்மொழிந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. எல்லாம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும், ஆனால் யார் யாருக்குப் போட்டார் என்பது மட்டும் இருட்டில் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே அறையில் வைத்திருப்பதுதான் இந்த வேலையின் கடினம்.

பெயர் விழுந்த வழி

தேர்தல் முடிந்த அடுத்த வாரம் நான் அந்த ஊருக்குப் போனேன். உத்தியோகக் கடமை இல்லை. மனம் கேட்கவில்லை, போனேன்.

2019 நவம்பர்த் தேர்தலுக்குப் பயன்பட்டது 2018ஆம் ஆண்டின் வாக்காளர் இடாப்பு. அப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1ஆம் திகதி யார் எங்கே வசிக்கிறார் என்பதை அடிப்படையாக வைத்து அது திருத்தப்பட்டது. கிராம உத்தியோகத்தர் வீடு வீடாகப் படிவம் கொடுப்பார், வீட்டின் பிரதான வசிப்பாளர் நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். நீக்கப்படவுள்ள பெயர்களையும் புதிதாகச் சேரவுள்ள பெயர்களையும் பட்டியலிட்டு அலுவலகங்களில் காட்சிக்கு வைப்பார்கள். உரிமை கோரலாம், ஆட்சேபிக்கலாம். காகிதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத ஏற்பாடு.

2018 நடுப்பகுதியில் அந்த அம்மா திருகோணமலை நகரத்தில் மகள் வீட்டில் இருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. சம்பூர்ப் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. படிவம் கொண்டுவந்தவர் இரண்டு முறை வந்து பார்த்தார், அயலில் விசாரித்தார், “நகரத்துக்குப் போய்விட்டார்” என்று பதில் கிடைத்தது, எழுதிக்கொண்டார். நகரத்தில் மருமகன் படிவத்தை நிரப்பும்போது மாமியாரின் பெயரை எழுதவில்லை. “மாமிக்கு ஊரில் வீடு இருக்கிறதே, அங்கே எழுதுவார்கள்” என்று நினைத்தார். நான் இருவரிடமும் பேசினேன். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் தங்கள் அளவில் சரியானதைத்தான் செய்திருந்தார்கள். இரண்டு நேர்மையான மனிதர்களுக்கு நடுவே பெயர் விழுந்துவிட்டது. காட்சிக்கு வைத்த பட்டியலில் நீக்கப்படவுள்ள பெயராக அது இருந்திருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு பாட்டி, பேரப்பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த நாட்களில், முப்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஏறி வந்து அந்தப் பட்டியலை ஏன் பார்க்கப்போகிறார்?

எனக்கு அதிர்ச்சி தந்தது இதற்குப் பிறகு தெரிந்ததுதான். 2019க்கான படிவத்தில் அவர் பெயர் இருந்தது. அவர் ஊர் திரும்பிவிட்டார், சரியாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த இடாப்பு இன்னும் உறுதிப்படுத்தப்பட்டு நடைமுறைக்கு வரவில்லை. அவர் என் மேசைக்கு முன் நின்றபோது, அவருடைய பெயர் எழுதிய தாள் அரசாங்கத்தின் கையில் ஏற்கெனவே இருந்தது.

பெரிய நாடுகளின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 ஒக்டோபர் முதல் 1952 பெப்ரவரி வரை நடந்தது. சுமார் 17 கோடி வாக்காளர்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பட்டியல் தயாரித்தபோது பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றே பதிந்தார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பதிய முடியாது என்று சென் உறுதியாக நின்றார். சுமார் 28 இலட்சம் பெண்கள் அந்தத் தேர்தலில் பட்டியலுக்கு வெளியே போனார்கள். மனைவி என்ற உறவுச் சொல்லால் இல்லாமல் தன் பெயரால் குடிமகளாக வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் நீண்ட காலத்தில் பலன் தந்தது என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்த 28 இலட்சம் பேரில் அடுத்த தேர்தலைக் காணாமல் இறந்தவர்களை நான் நினைக்கிறேன்.

2025இல் பீகாரில் சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது பட்டியலை அடியோடு சரிபார்க்கும் தீவிர திருத்தம் தொடங்கியது. ஓகஸ்ட் 1 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 65 இலட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று ஆணையம் விளக்கம் சொன்னது. அவற்றுள் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கலாம், பழைய பட்டியல் எதிலும் இறந்தவர்கள் இருப்பார்கள். ஆனால் யாரை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள் என்று பெயரோடு வெளியிடுங்கள் என உச்ச நீதிமன்றம் ஓகஸ்ட் 14 அன்று உத்தரவிட வேண்டி வந்தது. இறந்தவரை நீக்கும் அதே கை, கூலி வேலைக்கு வெளியூர் போனவரையும் நீக்கிவிட முடியும். பீகார் ஆட்கள் இந்தியா முழுவதும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் அம்மா முப்பது கிலோமீற்றர் போனார், அவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகிறார்கள்.

நாடு பெரிதாவதன் உண்மையான கேடு இங்கேதான் தெரிகிறது. எண்ணிக்கையால் வருவதைவிடத் தூரத்தால் வரும் கேடு அதிகம். பெயரை இழந்தவருக்கும் அதைத் திரும்பப் போடக்கூடியவருக்கும் இடையில் எத்தனை மேசைகள், எத்தனை நாட்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. எங்கள் தீவில் அந்தத் தூரம் ஒரு கிராம உத்தியோகத்தரின் சைக்கிள் ஓட்டம் அளவுதான். அப்படி இருந்தும் ஒரு பெயர் விழுந்து ஓர் ஆண்டுக்கு மேல் எழும்பவில்லை.

தூரம் எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் தேர்தல் ஒன்று போதும். ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். பாம் பீச் மாவட்டத்தின் வாக்குச்சீட்டு இரண்டு பக்கமும் பெயர்களும் நடுவில் துளைகளுமாக அமைந்ததால், ஒருவருக்குப் போட நினைத்துப் பலர் இன்னொருவருக்குத் துளையிட்டார்கள். திரும்ப எண்ணுவதா வேண்டாமா என்ற வழக்கு டிசம்பர் 12ஆம் திகதி வாஷிங்டனில் ஒன்பது நீதிபதிகள் முன் முடிந்தது. எண்ணுவது நின்றது. நாடு முழுவதும் கூட்டினால் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றவர் தோற்றார். அந்தச் சீட்டில் தடுமாறியவர்கள் யாரிடம் போய், “நான்தானே வந்தேன்” என்று சொல்வார்கள்?

எதிர்மாறான உதாரணமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1982இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் ஐம்பது சாவடிகளில் முதல்முறையாக வாக்கு இயந்திரம் வைத்தார்கள். 123 வாக்கு வித்தியாசத்தில் முடிவு வந்தது. தோற்றவர் வழக்குப் போட்டார். சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரம் வைத்தது செல்லாது என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அந்த ஐம்பது சாவடிகளிலும் காகிதச் சீட்டில் மறுபடி வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. முடிவு மாறியது, முதலில் தோற்றவர் உறுப்பினரானார். இவ்வளவு பெரிய நாட்டில் ஐம்பது சாவடிகளுக்காக நீதிமன்றம் இறங்கி வந்தது. ஆனால் இரண்டு ஆண்டு ஆனது.

கோடும் பணமும்

இடாப்பு சரியாகி, பெட்டியும் சரியாகிவிட்டால் போதுமா? திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரியும். 1976க்கு முன் இங்கே திருகோணமலை, மூதூர் என்று இரண்டு தொகுதிகள். மூதூர் இரண்டு உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் தொகுதி. 1976இல் எல்லை நிர்ணய ஆணைக்குழு சேருவிலத் தொகுதியைப் புதிதாக வகுத்தது. 1977 தேர்தலில் மூன்று தொகுதிக்கும் மூன்று சமூகத்தவர் தெரிவானார்கள். கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகையை மாற்றி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த நேரம் அது. ஒரு தரப்பினர் அதைப் புதிய மக்களுக்குக் கிடைத்த நியாயமான ஆசனம் என்றனர். எங்கள் தரப்பில், ஆட்களைக் கொண்டுவந்து இருத்திய பிறகு கோட்டைக் கீறுகிறார்கள் என்ற வலி இன்றும் ஆறவில்லை. நான் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டுவதுபோல் கோடு கீறும் மேசையை யாரும் கவிழ்த்துக் காட்டுவதில்லை.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி 1812இல் ஒப்பமிட்ட தொகுதி வரைபடம் தமக்கு வசதியாகத் தொகுதிக் கோட்டை வளைத்துக் கீறும் தந்திரத்துக்கே அவர் பெயரைக் கொடுத்துவிட்டது. இந்தியாவில் மாநிலங்களுக்கான மக்களவை ஆசனங்கள் இன்னும் 1971 கணக்கெடுப்பின்படியே நிற்கின்றன. அதைப் புதுப்பித்தால் குடும்பக் கட்டுப்பாட்டில் வெற்றிபெற்ற தமிழ்நாடு தண்டிக்கப்படும், புதுப்பிக்காவிட்டால் உத்தரப் பிரதேசத்தவரின் வாக்கு இலேசாகும். இதற்கு யாரையும் நோகாத விடை எதுவும் என்னிடம் இல்லை.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பெயர் தெரியாமல் கட்சிக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15 அன்று இரத்துச் செய்தது. இலங்கையில் 2023இல்தான் தேர்தல் செலவை ஒழுங்குபடுத்தும் சட்டமே வந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். வரம்பு வந்ததே நல்லது. கொடுத்த கணக்கைத் துருவிப் பார்ப்பவர் யார் என்பது அடுத்த வேலை.

நாள்

சின்ன நாடாக இருப்பதால் எங்களுக்குக் கிடைத்த சலுகை எதுவும் இல்லை. 1931இலேயே சர்வசன வாக்குரிமை பெற்ற தீவு இது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து, அதன் வழியாக மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரை இடாப்புக்கு வெளியே தள்ளியதும் இதே தீவுதான். அந்தப் பெயர்கள் இரண்டு நேர்மையான மனிதர்களுக்கு நடுவே விழவில்லை, பாராளுமன்றத்தில் கை உயர்த்தி எடுக்கப்பட்டன. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலை நடத்தாமலே பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டு நீட்டச் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். சம்மதமென்றால் விளக்கு, இல்லையென்றால் பானை. விளக்கு வென்றது.

2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. இந்த மாவட்டத்திலும் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்தவர்கள் தங்கள் ஊரில் வாக்களிக்க முடியாது. சோதனைச் சாவடியைக் கடந்து இந்தப் பக்கம் பல நிலையங்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்த கொத்து நிலையங்களுக்கு வர வேண்டும். வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் நாடு முழுவதும் சுமார் 1,80,000 வாக்குகள். எண்ணிக்கை ஒரு சீட்டும் பிசகாமல் நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தேர்தலை நேர்மையானது என்று என் வாயால் சொல்ல மாட்டேன். வாசலுக்கு வரவிடாமல் பயம் காட்டினால் பெட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. அந்தப் பயத்தைக் காட்டியவர்கள் எங்கள் பெயரால் காட்டினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது.

தேர்தலை நடத்தாமலே விடுவது இன்னொரு வழி. 2023 மார்ச் 9 அன்று நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியிலிருந்து பணம் வராததால் நின்றது. தபால் வாக்குச்சீட்டைக்கூட அச்சிட்டு முடிக்க முடியவில்லை. 2024 ஓகஸ்டில் இலங்கையின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. தாமதம் இரண்டு ஆண்டுக்கு மேல்.

அந்த அம்மாவின் பெயர் 2019 இடாப்பு நடைமுறைக்கு வந்ததும் சரியானது. 2020 ஓகஸ்ட் 5 பாராளுமன்றத் தேர்தலில் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து வாக்களித்தார். 2024 செப்டம்பரிலும் நவம்பரிலும் வாக்களித்தார். 2025 மே மாதம் பிரதேச சபைக்கும் வாக்களித்தார். ஆண்டுதோறும் படிவம் வரும் நாட்களில் நான் அவர் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பேன். “எழுதியாயிற்று சேர், இந்த முறை ஊரில்தான்” என்று சொல்வார்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது தேநீர் கொடுத்துவிட்டு அம்மா கேட்டார்: “தம்பி, மாகாண சபைக்கு எப்போது? முந்தி ஒருமுறை போட்டோமே, வீட்டுச் சின்னம்கூட இருந்ததே.”

அவர் சொன்னது 2012 செப்டம்பர் 8 தேர்தல். 37 உறுப்பினர் கொண்ட கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரோடு முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். புது முறைக்கு எல்லை நிர்ணய அறிக்கை வேண்டும். அந்த அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறையும் போய், புது முறையும் வராமல் தேர்தல் நடுவில் தொங்குகிறது. உவர்மலையில் ஆளுநரின் செயலகம் இயங்குகிறது, அதிகாரிகள் வருகிறார்கள், கோப்புகள் நகர்கின்றன. சபையின் 37 கதிரைகளில் யாரும் இல்லை.

“இன்னும் திகதி போடவில்லை அம்மா” என்றேன்.

அவர் உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து அடையாள அட்டையை எடுத்து வந்து, பெயர் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துச் சொல்லும்படி என்னிடம் நீட்டினார்.